வீட்டிலேயே சுத்தமான கிளாஸ்

குளுவாங்
3 பிப்ரவரி 1934

சிவமயம்

செல்வராணிக்கு,

உறையின் மேல் மிஸஸ் டொரத்தி வாலண்டைன் என்று எழுதியிருப்பது தபால்காரனுக்காக. உள்ளே உனக்கு நம் அப்பா வைத்த பெயர்தான். அதை மாற்ற எனக்கு வராது.

ஐந்து வருஷம் கழித்து இவன் எதற்கு எழுதுகிறான் என்று நினைப்பாய். ராசியாகப் போவதற்காக எழுதவில்லை. எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. உன் அண்ணி வெள்ளையம்மா மூன்று நாளாக என்னைப் பிடுங்கி எடுக்கிறாள். "ஜோகூர் பாரு ஆஸ்பத்திரியில நாத்தனா புருஷன் மருந்து கலக்கறாரு. ஒரு வார்த்தை கேட்டா உங்க வாயிலேருந்து முத்தா உதிர்ந்துடும்?" அவள் தொல்லை தாங்காமல்தான் பேனாவை எடுத்தேன்.

நீ வீட்டை விட்டுப் போனபோது நான் எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றுகிற ஆள். இப்போது எஞ்சின் ரூம் சாவியே என் இடுப்பில்தான் தொங்குகிறது. ரப்பர் ஸ்டோரில் ரோலர் ஓடுவதும் என் கையில், தோட்டத்துக்கு விளக்கு எரிகிற டைனமோவும் என் கையில். நூற்றுப்பத்து வோல்ட். இந்த வட்டாரத்தில் நம்மவர்களில் வேறு எவனிடமும் அந்தச் சாவி இல்லை.

தண்ணீர் என்பது இரண்டு வாயு சேர்ந்தது என்று ஒரு பத்திரிகையில் படித்தேன். சும்மா இருக்க முடியுமா? செத்துப்போன டார்ச் பேட்டரியை உடைத்து உள்ளே இருக்கும் கரிக் குச்சி இரண்டை எடுத்தேன். டைனமோ லைனில் மாட்டி, ஒரு கிளாஸ் மழைத் தண்ணீரில் இறக்கினேன். செல்வராணி, நீ பார்த்திருக்க வேண்டும்! பொலபொலவென்று குமிழி கிளம்பியது. ஒரு குச்சியில் அதிகம், மற்றதில் ஏறக்குறையப் பாதி. அதிகம் வந்த வாயுவைப் பிடித்து நெருப்புக் குச்சி காட்டினால் 'டப்' என்கிறது. உப்பில்லை, மருந்தில்லை. தண்ணீரும் வோல்ட்டும், அவ்வளவுதான். வோல்ட் ஒன்று இருந்தால் தண்ணீரைப் பிரித்துவிடலாம் என்று தோட்டத்துத் துரையிடம் போய் அடித்துச் சொன்னேன். செப்புக் குழாய் பற்ற வைக்க சிங்கப்பூரிலிருந்து வாயு எடுக்கிற கார்பைடு வரவழைக்க வேண்டாம், மழைத் தண்ணீரிலேயே தீ எடுக்கலாம் என்றும் சொன்னேன்.

போன சனிக்கிழமை பங்களா வராந்தாவில் வைத்துக் காட்டச் சொன்னார். அதே மழைத் தண்ணீர், அதே குச்சி, அதே லைன். பக்கத்தில் அந்த லைனிலேயே ஒரு பல்பு பளிச்சென்று எரிகிறது. கிளாஸ் மட்டும் துரையின் மேஜைக் கிளாஸ். கால் மணி நேரம் நின்றோம். கொசு முட்டை அளவுக்கு இரண்டு மூன்று குமிழி வந்து குச்சியில் ஒட்டிக்கொண்டு நின்றது. வேறு ஒன்றுமில்லை.

ஆபீஸில் கணக்கு எழுதுகிற பெரிய கிராணி ராஜசேகரன் அத்தனை பேர் முன்னால் சொன்னான்: "வீட்டுல எதையோ கலந்து வித்தை காட்டியிருக்கான் துரை. இங்க கலக்க முடியல." துரை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு அவர் என்னை அடித்திருக்கலாம். மார்ச் 24-ஆம் தேதி அவருடைய இஞ்சினியர் நண்பர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து வருகிறாராம். அவர் முன்னால் மறுபடி காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சாவியை வைத்துவிட்டு ரப்பர் பால் எடுக்க மரம் வெட்டப் போக வேண்டும். "பொய் சொல்றவன் கையில எஞ்சினக் குடுக்க முடியாது" என்றார். நான் பொய் சொல்லவில்லை.

என் புத்திக்குப் பட்டது இதுதான். துரையின் கிளாஸ் விஸ்கி குடிக்கிற கிளாஸ். அந்த அசுத்தம்தான் காரியத்தைக் கெடுத்திருக்கிறது. அதனால் ஆஸ்பத்திரியில் காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு பாட்டில் அனுப்பச் சொல். உன் புருஷனின் புத்தகத்தில் இதைப் பற்றி என்ன போட்டிருக்கிறது என்றும் பார்த்து எழுது.

சதாசிவம்

*

ஜோகூர் பாரு
8 பிப்ரவரி 1934

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன். படித்து முடித்த பிறகு சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஐந்து வருஷமாக எனக்கு ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. தண்ணீர் குமிழி விடவில்லை என்றதும் தங்கச்சி ஞாபகம் வந்துவிட்டது.

எனக்கு ஐலீன் என்று மூன்று வயதில் ஒரு மகள் இருக்கிறாள். "மாமா லெட்டர் போட்டிருக்காருடி" என்றேன். "மாமான்னா யாரும்மா?" என்று கேட்டாள். சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சொல்லிவிட்டேன். இனி உங்கள் காரியத்துக்கு வருகிறேன்.

புத்தகம் அவருடையது, இங்கிலீஷ். அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து நானே படித்தேன். சந்தேகம் வந்த இடத்தில் மட்டும் அவரைக் கேட்டேன். வோல்ட் என்பது தள்ளுகிற பலம், அவ்வளவுதான். தள்ளினால் மட்டும் போதாது. மின்சாரம் தண்ணீருக்குள் ஓடவும் வேண்டும். எவ்வளவு ஓடுகிறதோ அந்தக் கணக்குக்குத்தான் வாயு வரும். சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை ஓடவே விடாதாம். துளி உப்போ, சோடாவோ, திராவகமோ கரைந்திருந்தால்தான் வழி கிடைக்குமாம்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒருநாள் உங்களுக்குச் சோறு கொண்டுவந்தேன். எஞ்சினைக் காட்டினீர்கள், ஞாபகம் இருக்கிறதா? பெல்ட் கழன்று கிடந்தது. எஞ்சின் வெறி பிடித்த மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது, ரோலர் அசையவே இல்லை. துரை வீட்டுக் கிளாஸில் நடந்தது அதுதான் அண்ணே. வோல்ட் இருந்தது, பெல்ட் இல்லை.

ஆகையால் துரை கிளாஸில் ஒன்றும் நடக்காதது சரிதான். உங்கள் வீட்டில் நடந்ததுதான் அதிசயம். நீங்கள் பொய் சொல்கிறவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். என்னை வாசலை விட்டுப் போகச் சொன்ன அன்றுகூட மனதில் இருந்ததைத்தான் சொன்னீர்கள். அதனால் உங்கள் தண்ணீரில் என்னவோ கலந்திருக்கிறது. உங்களுக்கே தெரியாமல் கலந்திருக்கிறது. கிணற்றுத் தண்ணீரா? ரப்பர் பால் உறைய வைக்கிற ஆசிட் கையில் ஒட்டியிருந்ததா? யோசித்து எழுதுங்கள்.

தண்ணீர் பாட்டில் ரயில் பார்சலில் வருகிறது. அவரே மூடிக்கு மெழுகு உருக்கி ஊற்றி அடைத்தார். வழியில் தூசி இறங்கினாலும் சோதனை கெட்டுவிடும் என்றார்.

இரண்டு கரிக் குச்சியையும் கொஞ்சம் கம்பியையும் வைத்துக்கொண்டு, ஆறாவது வரைக்கும் படித்த ஒருவர் தானாகவே தண்ணீரைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். அதில் ஒன்று மற்றதில் பாதி என்று கண்ணால் அளந்தும் இருக்கிறார். அந்த இடத்தை என் வீட்டுக்காரர் மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். "உங்க அண்ணன் சாதாரண ஆள் இல்ல" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

செல்வராணி

*

குளுவாங்
16 பிப்ரவரி 1934

சிவமயம்

செல்வராணிக்கு,

உன் புத்தகத்தைத் தூக்கிக் குப்பையில் போடு.

பாட்டில் வந்து சேர்ந்தது. மெழுகை நானே உடைத்தேன். என் கையில் ஆசிட் பட்டிருக்குமோ என்று கேட்டாயே, அதற்காக முழங்கை வரை நான்கு தடவை தேய்த்துக் கழுவினேன். அதே கிளாஸில் உங்கள் ஆஸ்பத்திரித் தண்ணீரை ஊற்றிக் குச்சியை இறக்கினேன். குமிழி பொங்கிக்கொண்டு வருகிறது! உப்பு எங்கே? சோடா எங்கே? நீயே சொல்.

சந்தோஷத்தில் ஒரு பைத்தியக்காரத்தனமும் செய்தேன். இரண்டு வாயுவையும் ஒரே போத்தலில் பிடித்துக் குச்சி கொளுத்திக் காட்டினேன். வெடித்த வெடியில் பக்கத்து லயத்து வீட்டு நாய்கள் எல்லாம் குரைத்தன. காது இரண்டு நாள் கிணுகிணு என்றது. கண்ணாடித் துண்டு ஒன்று வெள்ளையம்மாவின் சோற்றுப் பானையில் விழுந்தது. அவள் திட்டியதை எழுத இந்தக் காகிதம் போதாது.

பெல்ட் கதை நன்றாகத்தான் இருக்கிறது. சின்ன வயதில் பார்த்ததை இத்தனை வருஷம் மனதில் வைத்திருக்கிறாயே. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நமக்கு ஒரே வாத்தியார்தான் என்றாலும் கணக்கு உனக்குத்தான் வரும், அது எனக்குத் தெரியும். ஆனால் அண்ணனுக்குப் பாடம் எடுக்க ஒரு புத்தகம் கிடைத்துவிட்டது என்று ரொம்பத்தான் துள்ளாதே. கண் முன்னால் நடக்கிறதை எந்தப் புத்தகமும் இல்லை என்று சொல்ல முடியாது.

ஒன்று கேட்க வேண்டும் என்று நினைத்தேன். உன் கடிதத்தின் தலைப்பில் ஒன்றும் எழுதாமல் வெற்றாக விட்டிருந்தாய். அது என்ன புதுப் பழக்கம்?

சதாசிவம்

*

ஜோகூர் பாரு
22 பிப்ரவரி 1934

அன்புள்ள அண்ணனுக்கு,

முதலில் திட்டிவிடுகிறேன். இரண்டு வாயுவையும் ஒன்றாகப் பிடித்து நெருப்பு வைப்பார்களா? கண் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அண்ணி திட்டியது போதாது. என் பங்குக்கு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இனி ஆளுக்கொரு குழாயில் தனித்தனியாகப் பிடியுங்கள். அடுப்பு பக்கத்தில் இருக்கவே கூடாது.

தலைப்பில் என்ன போடுவது? சிலுவை போட்டால் உங்களுக்கு வலிக்கும். பழையபடி எழுதினால் நான் பொய் எழுதுகிறேன் என்று ஆகும். அதனால் வெற்றாக விட்டேன். விடுங்கள் அதை.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இங்கே நானும் செய்து பார்த்தேன். எங்கள் வீட்டு லைனில் மின்சாரம் முன்னும் பின்னும் மாறி மாறி ஓடுமாம், அது இதற்கு ஆகாது. அதனால் டார்ச் பேட்டரிகளை வரிசையாகக் கட்டிக்கொண்டேன். உங்களுக்கு அனுப்பிய அதே தண்ணீர். மூன்று பேட்டரி வைத்தும் ஒரு குமிழி இல்லை. ஒரு சிட்டிகை சலவைச் சோடா போட்டேன், உடனே வந்தது. இரண்டு பேட்டரிக்கும் வந்தது. ஒரே ஒரு பேட்டரி வைத்தபோது எவ்வளவு சோடா போட்டாலும் வரவில்லை. புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. தண்ணீரைப் பிரிக்க ஒன்றேகால் வோல்ட்டாவது வேண்டுமாம், நடைமுறையில் இரண்டை நெருங்க வேண்டுமாம். ஆக வோல்ட் இல்லாமலும் முடியாது, வோல்ட் மட்டும் இருந்தும் முடியாது.

அப்படியிருக்க உங்கள் கிளாஸில் மட்டும் எப்படி? உங்கள் கண்ணையும் நான் நம்புகிறேன், புத்தகத்தையும் நம்புகிறேன். இரண்டும் உண்மையாக இருக்க வேண்டுமானால் தண்ணீரைத் தவிர வேறு எதிலோ விஷயம் இருக்கிறது. தண்ணீர் என்னுடையது, கை கழுவிய கை. மிச்சம் இருப்பது கிளாஸ்தான். அது எந்தக் கிளாஸ் அண்ணே? யார் கழுவுவது, எதைப் போட்டுக் கழுவுவது? ஒன்று விடாமல் எழுதுங்கள். மார்ச் 24-க்கு நாள் அதிகம் இல்லை. அவர்கள் உங்கள் கிளாஸை உள்ளே விடப்போவதில்லை. எதனால் நடந்தது என்று தெரியாமல் போய் நின்றால் போன தடவை மாதிரியே ஆகும்.

செல்வராணி

*

குளுவாங்
1 மார்ச் 1934

சிவமயம்

செல்வராணிக்கு,

கிளாஸைச் சந்தேகப்படுகிறாயா? நன்றாக இருக்கிறது போ. அதைவிடச் சுத்தமான பாத்திரம் இந்தத் தோட்டத்திலேயே கிடையாது.

சமையல் பாத்திரத்தை இதற்கு எடுக்கக் கூடாது என்று எனக்கே தெரியும். புளி பட்டிருக்கும், உப்பு பட்டிருக்கும். அதனால்தான் யோசித்து அதை எடுத்தேன். சாமி மாடத்தில் கவிழ்த்திருக்குமே, நீ அறிந்த கிளாஸ்தான். துரை வீட்டு ஜாம் போத்தலாக வந்து, அப்பா மூடியை எறிந்துவிட்டுச் சாமிக்கென்று ஒதுக்கி வைத்தது. அதில் யார் வாயும் பட்டதில்லை. தீட்டுப் பட்டவர்கள் தொட்டதில்லை. சமையல் பாத்திரங்களோடு சேர்த்துத் துலக்குவதில்லை. சோப்புக்கூடப் படாது. காலையில் நான் திருநீறு குழைத்துப் பூசிக்கொண்டு, மிச்சத்தைச் செடியில் ஊற்றிக் கவிழ்த்து வைப்பேன். அதற்கு மேல் அதை யாரும் தொடுவதில்லை. வெள்ளையம்மாகூடத் தொடுவதில்லை. போதுமா?

இங்கே நிலைமை சரியில்லை. ராஜசேகரன் பிரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும்போதே, "மந்திரவாதி எஞ்சின் வந்துட்டாரா?" என்று கேட்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். என்னிடம் எண்ணெய் ஊற்றக் கற்றுக்கொண்டவன்கூடச் சிரிக்கிறான். சாவியை இடுப்பிலிருந்து எடுத்து ஆணியில் மாட்டப் போகிற நாளை நினைத்து, ராத்திரியில் எழுந்து எழுந்து சாவியைத் தொட்டுப் பார்க்கிறேன். மரம் வெட்டுவது கேவலம் இல்லை, அப்பா வெட்டிய மரம்தான். பொய்யன் என்று பெயர் எடுத்து வெட்டப் போக என்னால் முடியாது.

ஏதாவது வழி இருந்தால் சொல்.

சதாசிவம்

*

ஜோகூர் பாரு
6 மார்ச் 1934

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். அந்தக் கிளாஸ் என்று நீங்கள் எழுதிய வரியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. இதை நான் சொன்னால் நீங்கள் எப்படி எடுத்துக்கொள்வீர்களோ என்றுதான் பயம். கிறிஸ்து வேதத்தில் சேர்ந்துவிட்டாள், அதனால்தான் இப்படிப் பேசுகிறாள் என்பீர்கள். அப்படி இல்லை அண்ணே. கடைசி வரைக்கும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

கலந்தது திருநீறு.

தினமும் காலையில் குழைக்கிறீர்கள். மிச்சத்தை ஊற்றிவிட்டுக் கழுவாமல் கவிழ்க்கிறீர்கள். அடியில் வெள்ளையாக ஒரு படலம் காய்ந்து நிற்கும், நான் பார்த்திருக்கிறேன். சாணத்தைச் சுட்டெடுத்த சாம்பலில் தண்ணீரில் கரைகிற உப்பு வகை இருக்கிறது என்று அவர் சொல்கிறார். அந்தப் படலத்தில் எந்தத் தண்ணீரை ஊற்றினாலும் மின்சாரம் ஓட வழி கிடைத்துவிடும். நூற்றுப்பத்து வோல்ட்டுக்கு அது தாராளம். துரையின் கிளாஸில் அழுக்கு இல்லை, அதுதான் விஷயம். சோப்புப் போட்டுத் தேய்த்த கிளாஸ் அது. உப்பு, புளி, ஆசிட் என்று அத்தனையையும் நினைத்துத் தள்ளிவைத்த உங்களுக்குத் திருநீறு ஒரு பொருள் என்று மனதில் படவே இல்லை. எப்படிப் படும்? அந்த வீட்டிலேயே இருந்திருந்தால் எனக்கும் பட்டிருக்காது.

போன மாதம் எங்களுக்கு விபூதிப் புதன் வந்தது. மாதா கோவிலில் சாமியார் எல்லோர் நெற்றியிலும் சாம்பல் இட்டார். என் முறை வந்தபோது அப்பா ஞாபகமும் அந்தக் கிளாஸ் ஞாபகமும் சேர்ந்து வந்து கண் கலங்கிவிட்டது. அப்போது எனக்கு இது தோன்றவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் இரண்டும் சேர்ந்தது.

நினைத்தது சரியா என்று பார்க்காமல் எழுதக் கூடாது என்று சோதித்தும் பார்த்தேன். அதற்கு நம் வீட்டுத் திருநீறே வேண்டும். இதை உங்களிடம் எப்போதும் சொல்லியிருக்க மாட்டேன், இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது. நான் வீட்டை விட்டு வந்த அன்று நீங்கள் வேலைக்குப் போயிருந்தீர்கள். மாடத்திலிருந்து ஒரு பிடி திருநீறு எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன். ஞானஸ்நானம் ஆன பிறகும் எறிய மனம் வரவில்லை. அந்தத் துணியை முடிச்சோடு கிழித்துப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன். அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அதை அவிழ்த்தேன். ஒரு சிட்டிகை போட்டேன், மூன்று பேட்டரிக்குக் குமிழி வந்தது. சந்தேகத்துக்கு இடம் இருக்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் செய்ததில் பாதி செலவாகிவிட்டது. ஒவ்வொரு சிட்டிகைக்கும் மனம் அடித்துக்கொண்டது. சாவி உங்கள் இடுப்பிலேயே இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் போட்டேன்.

நீங்களே பாருங்கள். கிளாஸை வெந்நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு, வடித்த தண்ணீரை ஊற்றுங்கள். லைனில் கிளாஸுக்கு முன்னால் ஒரு பல்பைச் சேர்த்து மாட்டுங்கள். கிளாஸுக்குள் ஓடுகிற மின்சாரம்தான் அந்தப் பல்புக்குள்ளும் ஓடும். ஓட்டம் இருந்தால் பல்பு சிவக்கும், இல்லாவிட்டால் செத்துக் கிடக்கும்.

உங்கள் தங்கை
செல்வராணி

*

ஜோகூர் பாரு
19 மார்ச் 1934

அண்ணே,

பதில் இல்லை. கோபம் என்று தெரிகிறது. இன்னும் ஐந்தே நாள் இருக்கிறது. என்னோடு பேச வேண்டாம், இன்னொரு ஐந்து வருஷம் வேண்டுமானாலும் பேசாமல் இருங்கள். ஆனால் அந்தக் கிளாஸைக் கழுவி ஒரே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். என் பேச்சை நம்ப வேண்டாம், உங்கள் கண்ணை நம்புங்கள். அந்தக் கண்ணை நானும் நம்புகிறேன்.

அவரும் உங்களுக்காக ஜெபம் செய்கிறார். இதைப் படித்து அதற்கும் கோபப்பட்டால் படுங்கள்.

செல்வராணி

*

குளுவாங்
26 மார்ச் 1934

சிவமயம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

கோபம்தான். இல்லை என்று சொல்ல மாட்டேன். உன் கடிதத்தில் 'கலந்தது திருநீறு' என்று படித்ததும் எனக்குத் தலைக்கேறிவிட்டது. "அங்க போயி சேர்ந்துக்கிட்டு சாமி திருநீறயே குத்தம் சொல்றாளா!" என்று கத்திக் கிழிக்கப் போனேன். வெள்ளையம்மா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். மாமரத்தடியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் படித்தாள். பிறகு உள்ளே வந்து, "இந்த எடத்த மட்டும் கேளுங்க" என்று முடிச்சு விஷயத்தைச் சத்தம் போட்டுப் படித்தாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அவள் முன்னால் அழக்கூடாது என்று போனேன். அழுதேன்.

அப்படியும் கிளாஸைக் கழுவ எனக்குப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. கழுவினால் நீ சொன்னது சரியாகிவிடும் என்ற பயம். அது பொய்யாகிவிட்டால் சாவி போய்விடும் என்பது அடுத்த பயம். உன் இரண்டாவது கடிதம் வந்ததும் வெந்நீர் போடச் சொன்னேன். சாமியைக் கும்பிட்டுவிட்டு, அப்பா வைத்ததிலிருந்து முதல் தடவையாக அந்தக் கிளாஸைத் தேய்த்துக் கழுவினேன். உன் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றிப் பல்பை மாட்டினேன். செத்துக் கிடந்தது. நூற்றுப்பத்து வோல்ட் சும்மா நிற்கிறது, தண்ணீர் அசையவில்லை. ஒரு சிட்டிகை திருநீறு போட்டேன். பல்பு மெதுவாகச் சிவந்தது, குமிழி கிளம்பியது. கெட்டிக்காரி நீ! ஆஸ்பத்திரித் தண்ணீரையும் டைனமோவையும் கையில் வைத்திருந்த நான் பார்க்காததை, அறுபது மைலுக்கு அந்தப் பக்கம் சமையல்கட்டில் இருந்துகொண்டு நீ பார்த்துவிட்டாய்.

இனி சனிக்கிழமை நடந்ததைக் கேள்.

துரை, இஞ்சினியர் துரை, ராஜசேகரன், இன்னும் பத்துப் பேர். துரையின் கிளாஸ், துரையின் கையால் ஊற்றிய தண்ணீர். நீ சொன்னபடி லைனில் கிளாஸுக்கு முன்னால் ஒரு பல்பை மாட்டியிருந்தேன். குச்சியை இறக்கினேன். பல்பு எரியவில்லை, குமிழி இல்லை. ராஜசேகரன் சிரிக்க ஆரம்பித்தான். நான், "இது இப்படித்தான் இருக்கும் துரை. போன தடவ நான் சொன்னது தப்பு. வோல்ட் மட்டும் தண்ணிய பிரிக்காது" என்றேன்.

பிறகு ராஜசேகரன் பக்கம் திரும்பினேன். அவன் காலையும் மாலையும் பட்டை போடுகிற ஆள், சட்டைப் பையிலேயே திருநீற்றுப் பை இருக்கும். "கிராணியாரே, நான் கலந்தா வித்தைன்னு சொல்வீங்க. உங்க பையிலேருந்து நீங்களே ஒரு சிட்டிகை எடுத்துப் போடுங்க" என்றேன். அவன் துரையைப் பார்த்தான். துரைக்கு நம் தமிழ் நன்றாக வரும். "போடு" என்றார். தன் கையாலேயே எடுத்துப் போட்டான். அவன் கை கிளாஸை விட்டு விலகுவதற்குள் பல்பு சிவந்துவிட்டது. இரண்டு குச்சியிலும் குமிழி பொங்கியது. மந்திரவாதி என்று என்னைச் சொன்னவன் வாயைத் திறந்தபடியே நின்றான்.

இஞ்சினியர் துரை குழாயை எடுத்து இரண்டு வாயுவையும் அளந்து பார்த்தார். கார்பைடு விஷயத்தை மட்டும் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். இந்த வாயுவுக்கு ஆகிற எண்ணெய்ச் செலவு, அதிலிருந்து வருகிற தீயை விட அதிகமாம். போகட்டும். சாவி என்னிடமே இருக்கிறது. "தப்புன்னு தானா வந்து சொல்ற ஆள்கிட்ட எஞ்சின் இருக்கலாம்" என்று துரை சொன்னார்.

அதற்கு முன் ஒன்று கேட்டார். "திருநீறுன்னு கண்டுபிடிச்சது யாரு? நீயா?"

"இல்ல துரை. ஜோகூர் பாருல இருக்கற என் தங்கச்சி" என்றேன்.

ராஜசேகரன் பின்னாலிருந்து, "உனக்குத்தான் தங்கச்சியே இல்லன்னு ஊரெல்லாம் சொன்னியேப்பா" என்றான். ஐந்து வருஷம் சொன்னேன். பத்துப் பேர் முன்னால் திரும்பி நின்று, "இருக்கா" என்றேன்.

நானும் உன் அண்ணியும் வருகிற சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறோம். மறுநாள் உங்களுக்குப் பெரிய பண்டிகை என்று ஸ்டேஷன் மாஸ்டர் மரியநாதன் சொன்னார். இருந்துவிட்டுத்தான் திரும்புவோம். மெழுகு ஊற்றி அடைத்த மாப்பிள்ளையின் கையை ஒரு தடவை பிடித்துப் பார்க்க வேண்டும். மாமா என்றால் யார் என்று கேட்டவளிடம் சொல்லி வை. இனி எனக்கு எழுதும்போது தலைப்பை வெற்றாக விடாதே. உன் குறி எதுவோ அதைப் போட்டு எழுது, எனக்கு ஒன்றும் வலிக்காது.

முடிச்சில் மிச்சம் இருப்பதை இனித் தொடாதே. சோதனைக்கு வேண்டியதை நான் கொண்டுவருகிறேன்.

உன் அண்ணன்
சதாசிவம்